இடைப்பாலின உடல்களுக்கு மருத்துவம் இட்ட பெயர்கள்

சமூகத் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என்னிடம், மருத்துவமனையில் கொடுத்த கடிதத்தைப் படித்து விளக்கச் சொல்லி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து இன்றும் குடும்பங்கள் வருகின்றன. பெரும்பாலும் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு பற்றிய கடிதங்களாகவே இருக்கும்; அவற்றைக் கூடத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே கேட்பார்கள். பிறந்த குழந்தையின் பிறப்புறுப்பைப் பற்றிய கடிதமாக இருந்தால் மட்டும் கதவைச் சாத்தச் சொல்வார்கள். கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே, “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி” என்ற வேண்டுகோள் வந்துவிடும்.

ஆண், பெண் என்ற வழக்கமான வடிவத்தில் அடங்காமல் பிறக்கும் இடைப்பாலின உடல்களுக்கு அந்தக் கடிதங்களில் வரும் சொற்களைப் பற்றித் தமிழில் யாராவது பொறுமையாக எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. எனவே நானே எழுதுகிறேன். சில சொற்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கின்றன. சில சொற்கள் உடலுக்குள் எந்தச் சுரப்பி, எந்த ஹார்மோன், எந்த மரபணு வேறுபட்டிருக்கிறது என்று சொல்கின்றன. வேறு சில சொற்கள் குழந்தையின் மீதே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. பெற்றோர் மருத்துவரிடம் விடாமல் கேட்டு வாங்க வேண்டியது இரண்டாம் வகைப் பெயரை. இந்தப் பதிவில் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

பிறந்த குழந்தையின் கடிதத்தில் முதலில் கண்ணில் படுவது ‘அம்பிகுவஸ் ஜெனிடாலியா’ என்ற தொடர். பிறப்புறுப்பின் வெளித்தோற்றத்தை வைத்து ஆண் என்றோ பெண் என்றோ உடனே சொல்ல முடியவில்லை என்பதற்கு மேல் அதில் வேறு பொருள் இல்லை. காய்ச்சல் என்று எழுதினால் டெங்கியா, டைஃபாய்டா என்று தெரியாததைப் போல, இந்தத் தொடரும் காரணத்தைச் சொல்வதில்லை. அதை நோயின் பெயராக எண்ணிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காரணங்கள் ஏன் பலவாக இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, கருவின் வளர்ச்சியைச் சற்று அறிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஆறாம் வாரம் வரை ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் பார்வைக்கு வேறுபாடு கிடையாது. இனப்பெருக்கச் சுரப்பி ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே உல்ஃபியன், முல்லேரியன் என்ற இரு சோடிக் குழாய்களும் இருக்கும். வெளியுறுப்புகளும் ஒரே மூலத் திசுக்களிலிருந்துதான் தொடங்கும். ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருந்து அது இயங்கினால் அந்தச் சுரப்பி ஆண் இனப்பெருக்கச் சுரப்பியான விதையாக மாறத் தொடங்குகிறது. இந்த மரபணுவை 1990ஆம் ஆண்டு லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. விதை உருவானதும் அதிலிருந்து இரண்டு கட்டளைகள் புறப்படுகின்றன. ஒரு ஹார்மோன் முல்லேரியன் குழாயைச் சுருங்கச் செய்வதால் கருப்பை உருவாவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் உல்ஃபியன் குழாயைக் காத்து வளர்க்கிறது. வெளியுறுப்பு ஆண் வடிவம் பெறுவதற்கு, அந்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு நொதியின் உதவியால் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாற வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940களில் முயல் கருக்களை வைத்து, விதையிலிருந்து இந்த இரண்டு கட்டளைகள் புறப்படுவதைப் படிப்படியாக நிறுவினார்.

இந்தத் தொடர்ச்சியின் எந்தக் கண்ணியிலும் மாறுபாடு ஏற்படலாம். குரோமோசோமிலோ, சுரப்பியிலோ, ஹார்மோனை உண்டாக்கும் நொதியிலோ, ஹார்மோனை ஏற்கும் செல்லிலோ அது நிகழலாம். வெளியில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு குழந்தைகளுக்கு உள்ளே முற்றிலும் வேறான காரணங்கள் இருக்க முடியும் என்பதால்தான், தோற்றத்தை வைத்து இட்ட பெயர் எந்தக் குடும்பத்துக்கும் உதவுவதில்லை.

பழைய மருத்துவம் இதை அறிந்திருக்கவில்லை. 1876ஆம் ஆண்டு எட்வின் கிளெப்ஸ் என்ற நோயியல் அறிஞர், நுண்ணோக்கியில் தெரிந்த சுரப்பித் திசுவை மட்டும் அளவுகோலாக வைத்து மனிதர்களைப் பிரித்தார். விதைத் திசுவும் சூலகத் திசுவும் சேர்ந்திருந்தால் ‘உண்மை ஹெர்மாஃப்ரொடைட்’, ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் ‘பொய் ஹெர்மாஃப்ரொடைட்’ என்று அவர் வகுத்தார். கிரேக்கப் புராணத்தில் ஹெர்மீசுக்கும் அஃப்ரொடைட்டிக்கும் பிறந்ததாகச் சொல்லப்படும் தெய்வப் பிள்ளையின் பெயரை எடுத்து, அதற்கு முன்னால் உண்மை, பொய் என்று ஒட்டி, உயிருள்ள மனிதர்களின் மருத்துவக் கோப்பில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவந்தார்கள். தன் கோப்பில் ‘பொய்’ என்ற சொல்லைப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. ‘இன்டர்செக்ஸ்’ என்ற சொல் அதற்குப் பிற்பட்டது. ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் என்ற மரபியலாளர் அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து, 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். நாம் இன்று இடைப்பாலினம் என்றும், சிலர் ஊடுபால் என்றும் சொல்வது அதைத்தான்.

பெரிய மாற்றம் 2005ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த கூட்டத்தில் வந்தது. குழந்தைகளின் நாளமில்லாச் சுரப்பிகளைக் கவனிக்கும் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் கூட்டிய அந்தக் கூட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளியாயின. ஹெர்மாஃப்ரொடைட் என்ற சொல்லையும் அதிலிருந்து கிளைத்த சொற்களையும் கைவிட்டு, ‘பால்வளர்ச்சிக் கோளாறுகள்’ என்று பொருள்படும் டி.எஸ்.டி. என்ற பொதுப்பெயரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், அதன் கீழ் குரோமோசோமை அடிப்படையாக வைத்துப் பிரிக்க வேண்டும் என்றும் அதில் பரிந்துரைக்கப்பட்டது. அதனால்தான் இப்போது வரும் கடிதங்களில் ‘46 எக்ஸ் எக்ஸ் டி.எஸ்.டி.’, ‘46 எக்ஸ் ஒய் டி.எஸ்.டி.’, ‘பால்குரோமோசோம் டி.எஸ்.டி.’ என்ற தலைப்புகள் இருக்கின்றன. 46 என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கை; எக்ஸ் எக்ஸ் வழக்கமாகப் பெண்களிடமும் எக்ஸ் ஒய் வழக்கமாக ஆண்களிடமும் இருப்பது.

‘கோளாறு’ என்ற சொல் புண்படுத்துகிறது என்று இடைப்பாலின மக்களில் பலர் அன்றிலிருந்தே எதிர்த்துவருகிறார்கள். முதல் ‘டி’ என்ற அதே எழுத்தை வைத்துக்கொண்டு, ‘டிஸ்ஆர்டர்’ (கோளாறு) என்பதற்குப் பதில் ‘டிஃபரன்ஸ்’ (வேறுபாடு) என்று விரித்துப் படிக்கும் மருத்துவர்களும் இன்று பலர் இருக்கிறார்கள். என் கருத்தைச் சொல்வதென்றால், உடலுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் வடிவத்தில் மட்டும் மாறுபட்டிருக்கும் நிலையைக் கோளாறு என்று அழைக்க எனக்கு உடன்பாடில்லை. வேறுபாடு என்பதே சரி. ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய ஹார்மோன் குறைபாடு உள்ளே இருக்கும்போது அதை மென்மையான சொல்லால் மூடுவதையும் நான் ஏற்க மாட்டேன்.

அப்படிப்பட்ட ஒன்றுதான் ‘பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி’, மருத்துவமனை வழக்கில் சி.ஏ.எச். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனை உண்டாக்க ஒரு நொதி தேவை. அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் கார்ட்டிசால் போதவில்லை என்று மூளை சுரப்பியைத் தொடர்ந்து தூண்டுகிறது, சுரப்பி பெருக்கிறது, கார்ட்டிசாலாக மாற முடியாத மூலப்பொருள்கள் ஆண் ஹார்மோன்களாகத் திரும்பிவிடுகின்றன. கருவில் இருப்பது 46 எக்ஸ் எக்ஸ் குழந்தை என்றால், உள்ளே கருப்பையும் சூலகங்களும் இயல்பாக வளர்ந்திருக்கும்போதே வெளியுறுப்பு ஆண் வடிவத்தின் பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் குறிக்க, சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1954இல் வகுத்த ஐந்து நிலைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். கடிதத்தில் ‘பிராடர் 3’ என்று கண்டால் அது தோற்றத்தின் அளவு மட்டுமே. நோயின் கடுமையைக் காட்டும் எண் ஆகாது.

ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்த நிலையின் கடுமையான வடிவம் காணப்படுகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உடலில் உப்பைத் தக்கவைக்கும் அல்டோஸ்டிரோனும் போதுமான அளவு சுரப்பதில்லை. உப்பு சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருக்கும், பொட்டாசியம் ஏறும், பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தை சுருண்டுவிடும். ஆண் குழந்தைகளுக்கு வெளித்தோற்றத்தில் எந்த அறிகுறியும் பெரும்பாலும் இருக்காது என்பதால் அவர்களுக்கு ஆபத்து இன்னும் மறைவானது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டையும் தைராய்டையும் சோதிக்கிறார்கள். அந்த இரண்டும் சரி என்று தாளில் இருப்பதால் அட்ரினலும் சரி என்று ஆகிவிடாது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகைக்காக, செம்பனைக்குள்ளே இருந்த பழைய லயத்து வீடு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு தனியார் இடத்தில் பிரசவம் பார்த்து, ‘அம்பிகுவஸ் ஜெனிடாலியா’ என்று மட்டும் எழுதி, ஆறு வாரம் கழித்து நிபுணரைப் பார்க்கும்படி கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குழந்தையைத் தராசில் கிடத்தினேன். பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தது. பால் குடித்த சிறிது நேரத்தில் கக்கியது. உதடு வறண்டிருந்தது, அழுகையில் வலுவில்லை. மார்புக் காம்பும் பிறப்புறுப்புத் தோலும் மற்ற இடங்களைவிடக் கருத்திருந்தன. “மாந்தம்தான் மிஸ்ஸி, ஓமத்தண்ணி குடுத்திருக்கேன்” என்றார் பாட்டி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் இருந்த சொல் அவருக்கு வேறு எதையும் உணர்த்தியிருக்க முடியாது. அன்றே அவர்களை ஈப்போவுக்கு அனுப்பினோம். இரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறியிருந்தது, கார்ட்டிசாலாக மாறாமல் தேங்கும் மூலப்பொருளை அளக்கும் 17 ஓ.எச். புரோஜெஸ்டிரோன் என்ற சோதனை மிக உயர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தாயின் கையில் சி.ஏ.எச். என்ற உண்மையான பெயர் வந்தது. அந்தப் பெயரோடு, குறைந்த ஹார்மோன்களை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகள் வந்தன, மாத்திரையைப் பொடித்து அளந்து கொடுக்கும் முறை வந்தது, காய்ச்சல் கண்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி அளவைக் கூட்ட வேண்டும் என்ற எச்சரிக்கையும் வந்தது.

இந்த நிலை மரபுவழியில் வருவது. தாய் தந்தை இருவரும் மாறுபட்ட மரபணுவை ஒவ்வொரு பிரதி சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது என்பதை நான் மறைப்பதில்லை. அதே மூச்சில், மருமகளின் ராசியையோ கிரகண நேரத்தையோ இதற்குக் காரணமாக்க இடமில்லை என்பதையும் சொல்லிவிடுவேன். அடுத்த பிள்ளைக்கு முன் மரபியல் ஆலோசனை பெற முடிவதும் சரியான பெயர் கையில் இருந்தால்தான்.

இன்னொரு பெயர் இதற்கு நேர் எதிர்த்திசையில் பாடம் சொல்கிறது. பதினாறு வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்று ஒரு பெண்ணை அழைத்து வருவார்கள். மார்பு வளர்ச்சி இயல்பாக இருக்கும், மறைவிட முடி மிகக் குறைவாக இருக்கும், ஸ்கேன் எடுத்தால் கருப்பை இருக்காது, குரோமோசோம் 46 எக்ஸ் ஒய் என்று வரும். உடல் ஆண் ஹார்மோனை உண்டாக்குகிறது, ஆனால் செல்களில் அதை ஏற்கும் ஏற்பி வேலை செய்வதில்லை. இதற்கு இன்றைய பெயர் ‘ஆண்ட்ரோஜன் உணர்வின்மை’. 1953இல் ஜான் மோரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இட்ட பழைய பெயரோ, விதைகளால் பெண்மையாக்கப்பட்ட நிலை என்று பொருள்படும். அந்தப் பழைய பெயர் சில கோப்புகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெண்ணாகவே வளர்ந்து, தன்னைப் பெண்ணாகவே அறிந்த ஒருத்தி, அந்தச் சொல்லைத் தன் கைப்பேசியில் தட்டித் தேடிப் பார்த்தால் என்ன நினைப்பாள்? புதிய பெயர் நடந்தது என்னவோ அதை மட்டும் சொல்கிறது. ஹார்மோனை உடல் உணரவில்லை; அவ்வளவுதான்.

முன்பு இந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லாமலேயே, சூலகத்தில் கட்டி என்று சொல்லி வயிற்றுக்குள்ளிருந்த விதைகளை அகற்றும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பருவமடைவதற்கு முன் அவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்திருப்பதால், முழுமையான உணர்வின்மை உள்ளவர்களுக்குப் பருவ வளர்ச்சி முடியும் வரையிலாவது காத்திருக்கலாம் என்ற கருத்தே இப்போது மேலோங்கி நிற்கிறது. அகற்றினால் எலும்பைக் காக்க ஈஸ்ட்ரோஜனை நெடுங்காலம் எடுக்க வேண்டியிருக்கும். பெயர் தெரிந்த பெண்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். இதேபோல் வயதுக்கு வராமல், ஆனால் 46 எக்ஸ் எக்ஸ் குரோமோசோமோடு, கருப்பை மட்டும் உருவாகாமல் பிறக்கும் பெண்களும் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒருவர் இருக்கிறார்கள், அது எம்.ஆர்.கே.எச். என்ற தனி நிலை, அவர்களுடைய சூலகங்கள் இயல்பாகவே இயங்கும்.

பால்குரோமோசோம்களின் எண்ணிக்கை மாறுபடும் டர்னர், கிளைன்ஃபெல்டர் என்ற நிலைகளையும் சிகாகோ வகைப்பாடு இதே குடையின் கீழ் வைத்தது. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் அமைந்திருக்கும் ஹைப்போஸ்பேடியாஸ் ஆண் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படுவது. விதைகள் இரண்டும் பையில் இறங்கி, துவாரம் மட்டும் சற்றுத் தள்ளியிருந்தால், இடைப்பாலினம் என்ற சொல்லையே அங்கே கொண்டுவரத் தேவையில்லை என்பது என் எண்ணம். டெஸ்டோஸ்டிரோனை மாற்றும் நொதி குறைந்து, பிறக்கும்போது பெண்போல் தோன்றிப் பருவத்தில் ஆண் வளர்ச்சி பெறும் பிள்ளைகளைப் பற்றி, டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்திலிருந்து 1974இல் விரிவான ஆய்வு வெளிவந்தது. சூலகத் திசுவும் விதைத் திசுவும் ஒரே உடலில் இருப்பதை இப்போது ‘ஓவோடெஸ்டிகுலர் டி.எஸ்.டி.’ என்கிறார்கள், கிளெப்ஸ் ‘உண்மை’ என்று அடைமொழி கொடுத்தது இந்த அரிய நிலைக்குத்தான்.

பெயர் தெரிவதற்கு முன் கத்தி எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குழந்தையின் உயிருக்கோ சிறுநீர் வெளியேற்றத்துக்கோ தடை இல்லாதபோது, பார்ப்பவர்களின் கூச்சத்துக்காக வடிவத்தை மாற்றும் அறுவை, வளர்ந்தபின் அந்தப் பிள்ளையே எடுக்க வேண்டிய முடிவைப் பறித்துக்கொள்கிறது. ஐரோப்பிய நாடான மால்டா 2015இல் இதைச் சட்டத்தால் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, அதே ஆண்டு தமிழ்நாடு அரசும், உயிர் ஆபத்து உள்ள நேரங்களைத் தவிர, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை செய்வதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. தமிழ் பேசும் மண்ணிலிருந்து இந்த ஆணை வந்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதே மண்ணைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தை இழந்தபோது, ‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்றுதான் செய்திகள் எழுதின. உடல் எழுதும் பரீட்சை எதுவும் இல்லை; அதில் தேறவும் தோற்கவும் ஒன்றும் இல்லை. அவருடைய உடலின் உள்விவரம் நமக்கு வேண்டியதும் இல்லை.

நம் நாட்டில் பெற்றோரை அவசரப்படுத்துவது பிறப்புப் பதிவு. தீபகற்ப மலேசியாவில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிவில் ஆண் அல்லது பெண் என்று குறிக்க வேண்டும். அடையாள எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அந்த ஓர் இலக்கம் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வங்கிக் கணக்கு வரை கூடவே வருகிறது. எனவே குரோமோசோம் சோதனை, ஸ்கேன், ஹார்மோன் சோதனை ஆகியவற்றின் முடிவுகள் வருவதற்குள் பதிய ஓடாமல், இருக்கும் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. மலாய்க்காரத் தாதியரும் அதிகாரிகளும் ‘குன்சா’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அது இஸ்லாமியச் சட்ட நூல்களில் இத்தகைய பிறப்பைக் குறிக்கும் பழைய சொல், வசைச் சொல் இல்லை.

வசைச் சொற்கள் நம்மிடம்தான் மலிந்து கிடக்கின்றன. அவற்றை இங்கே எழுதிப் பரப்ப விரும்பவில்லை. திருநங்கை என்ற மதிப்புள்ள சொல்லையும் இந்தக் குழந்தைகளுக்குப் போட வேண்டாம். அது ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைப் பற்றியது. இது பிறக்கும்போதே உடல் அமைந்திருக்கும் விதத்தைப் பற்றியது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று தாய்மார் கேட்கும்போது, “பிள்ளைக்கு ஹார்மோன் சோதனை நடக்கிறது, முடிவு வந்ததும் டாக்டர் சொல்வார்” என்று சொல்லச் சொல்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நிபுணரைப் பார்க்கச் செல்லும்போது, காரணத்தைக் குறிக்கும் பெயர் என்ன, அட்ரினல் சோதனை செய்தாகிவிட்டதா, குரோமோசோம் முடிவு என்று வரும், உடனே செய்தாக வேண்டிய சிகிச்சை எது, பிள்ளை வளரும் வரை காத்திருக்கக்கூடியது எது என்று கேளுங்கள். பதிலை உங்கள் முன்னிலையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பெயரையும் மருந்தின் அளவையும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டிவைத்தால், நடு இரவில் காய்ச்சலோடும் வாந்தியோடும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லும்போது, பணியிலிருப்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும் பிள்ளை இது என்று படித்தவுடன் தெரிந்துகொள்வார்.